காசு கொடுத்து வாங்கிய கேம்தானே, டவுன்லோடு செய்தால் என்ன?

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, சாத்தனூர் அணையும் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை வெள்ளம் குண்டு உப்பலவாடிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்திருந்த நேரம். கடலூரில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு ஊறிப்போன சிபியூவும் லேப்டாப்பும் வந்துகொண்டே இருந்தன. அந்த நெரிசலில் முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் கட்டைப்பை ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே டிவியில் இணைத்து விளையாடும் பழைய பிஎஸ் 2 (பிளேஸ்டேஷன் 2) கேம் மெஷின் ஒன்றும், சேறு அப்பிய ஐந்து டிஸ்குகளும்.

"அண்ணே, மெஷின் போனா போவுது. இந்த கேமெல்லாம் நெட்ல கெடக்குதாம். எடுத்து பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. எல்லாமே காசு குடுத்து வாங்குனது, திருட்டு கிடையாது."

இந்தக் கேள்வி என் கடைக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நியாயம் தங்கள் பக்கம் இருப்பதாக உண்மையாகவே நம்புகிறார்கள்.

முதலில் டிஸ்குகளைக் கழுவினேன். சேறு தானாகக் கரையும்வரை தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் டேட்டாவின் தடத்தோடு சேர்ந்தே ஓடும். டிரைவால் அந்தப் பிழையைச் சரிசெய்து படிக்க முடியாது. பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வேலையே வேண்டாம்.

சேறு போனதும் வேறொன்று தெரிந்தது. இரண்டு டிஸ்குகளின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். உள்வளையத்தில் பொடி எழுத்தில் குறியீடு. மற்ற மூன்றும் ஊதா. மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருந்தது. ஊதா நிறமும் கையெழுத்தும் சேர்ந்திருந்தால் கணினியின் டிஸ்க் ரைட்டரில் எழுதியது. "தம்பி, இது மூணும் காப்பி" என்றேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "பர்மா பஜார்ல அம்பது ரூபா குடுத்து வாங்குனேனே அண்ணே. அப்ப ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கும் கேம் என்றால் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அந்த ஐம்பது ரூபாய் டிஸ்க் எழுதி விற்றவர் கைக்குப் போனது. கேமை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு பைசாகூடப் போகவில்லை. காசு கொடுத்ததாலேயே அது நம் உடைமை ஆகிவிடாது.

மீதி இரண்டு அசல். அங்கேதான் சட்டம் துணைக்கு வருகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மென்பொருளின் பிரதி ஒன்றை முறைப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போகாமல் காக்க நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பிரதியிலிருந்தே எடுக்க வேண்டும். உங்கள் டிஸ்கிலிருந்து நீங்கள் எடுக்கும் நகலும், யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த கோப்பும் திரையில் ஒன்றுபோல ஓடலாம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. பழைய கேம் மெஷினைப்போலக் கணினியை நடிக்கவைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் கேட்கும் பயாஸ் கோப்பும் (மெஷினுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்படித்தான். இறக்கிய கேமை 24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் குற்றமில்லை என்று சுற்றிவரும் பேச்சுக்கு நம் சட்டத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

ஒரு டிஸ்க் நன்றாகப் படித்தது. ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்கின் நகலை ஒரே கோப்பாக, எடுத்துக் கொடுத்தேன். அடுத்தது பாதியில் நின்றுவிட்டது. மூன்று டிரைவ் மாற்றிப் பார்த்தும் அசையவில்லை.

"இத மட்டுமாவது நெட்ல எடுக்கலாமா அண்ணே?"

இதற்குப் பதில் சொல்வதுதான் கடினம். அவர் வாங்கியது அசல். அந்த கேம் இப்போது கடையில் இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஆய்வு வெளியிட்டது. விற்காத பொருளை, ஒருமுறை விலை கொடுத்தவர், தன் வீட்டில் மறுபடி விளையாடினால் யார் சோற்றிலும் மண் விழாது. என் மனசாட்சி அதைத் திருட்டு என்று சொல்லாது. நிறுவனங்கள் பழைய கேம்களைக் கைவிட்டுவிட்டு உரிமையை மட்டும் இறுக்கிப் பிடித்திருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் செய்து தர மறுத்தேன். உரிமையில்லாத பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் அதே சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லாதவருக்குச் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நான் கூலி வாங்கிக்கொண்டு செய்தால் அது வியாபாரம். அந்த பர்மா பஜார்க்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். பலரது கணினிகளிலிருந்து துண்டு துண்டாகக் கோப்பை இறக்கும் டொரண்டில் இன்னொரு சிக்கல்: இறக்கும்போதே அந்தக் கோப்பின் துண்டுகளை முன்பின் தெரியாதவர்களுக்கும் நாம் அனுப்பிக்கொண்டிருப்போம். அவர்களெல்லாம் அசல் வாங்கியவர்களா?

இதில் ஆபத்தும் உண்டு. புதுச்சேரியிலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர், தன்னிடம் அசல் இருந்த ஃபுட்பால் கேமையே டிஸ்க் தேட அலுப்புப்பட்டு ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கினார். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினார். பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் போய், மெயிலும் இன்ஸ்டாகிராமும் கைவிட்டுப் போன பிறகுதான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். இறக்கிய கேம் கடைசிவரை திறக்கவே இல்லை.

தம்பியிடம் வேறு வழி சொன்னேன். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, பழைய கேம் வைத்திருப்பவர்களிடமோ அசல் டிஸ்க் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் வாங்கலாம். அதிலிருந்து நகல் எடுக்கலாம். வெள்ளி நிறமும் உள்வளையக் குறியீடும் பார்த்து வாங்கச் சொன்னேன். பின்னாளில் டிஸ்கை விற்றால் நகலையும் அழித்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபரில் மழை தொடங்கிவிடும். அலமாரியில் அசல் டிஸ்க் இருந்தால் அது படிக்கும் நிலையில் இருக்கும்போதே ஐஎஸ்ஓ எடுத்து, ஒன்றை வீட்டு ஹார்டு டிஸ்கிலும் இன்னொன்றைத் தனி பென் டிரைவிலும் வையுங்கள். டிஸ்கை உறையோடு ஜிப் கவரில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.