எம்.பி.பி.எஸ் சீட் கிடைச்சாலே டாக்டர் ஆயிட முடியுமா?

போன மாசம் ஓபில ஒருத்தர் பிரஷர் மாத்திரை வாங்க வந்தாரு. ஓபி சீட்டை நீட்டுறதுக்கு முன்னாடி சட்டைப் பையிலருந்து நாலா மடிச்ச கலர் நோட்டீஸ் ஒண்ணை எடுத்து மேஜையில விரிச்சாரு. ஏதோ ஒரு வெளிநாட்டு யுனிவர்சிட்டி, பனி மூடின கட்டடம், கழுத்துல ஸ்டெத்தோட சிரிக்கிற பசங்க, கீழ கொட்டை எழுத்துல "நீட் மார்க் பற்றி கவலை வேண்டாம்". "மேடம், வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் 2 லட்சம் கட்டணுமாம், வீட்டுல நகையை அடகு வெச்சாச்சு, கட்டிரலாமா?"ன்னு கேட்டாரு. அன்னைக்கு அவருக்கு பிரஷர் 170/100.

வாரத்துக்கு ரெண்டு பேராவது என்கிட்ட இதைக் கேக்குறாங்க, அதனாலதான் எழுதிரலாம்னு உக்காந்தேன்.

நான் அவர்கிட்ட திருப்பிக் கேட்டது ஒண்ணுதான். பையன் படிச்சு முடிச்சுட்டு வந்தா, இங்க மெடிக்கல் கவுன்சில்ல அவன் பேர்ல ரிஜிஸ்டர் நம்பர் ஏறுமா? அவருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியல. சீட் எங்க கிடைக்கும், எவ்வளவு ஆகும்னு மட்டும்தான் எல்லாரும் யோசிக்கிறாங்க. அந்த நம்பர் இல்லாம ஒரு மாத்திரை கூட எழுதித் தர முடியாது, போர்டு வெச்சா போலி டாக்டர் கேஸ்தான். அதனால எந்த வழியா இருந்தாலும் கடைசியில அந்த நம்பர் வரைக்கும் கொண்டுபோய் விடுமான்னு முதல்ல பாருங்க, அப்புறம் பணத்தை எடுங்க.

வெளிநாட்டுக்குப் போறதா இருந்தாலும் நீட்ல குவாலிஃபை ஆகியிருக்கணும். நோட்டீஸ்ல "மார்க் பற்றி கவலை வேண்டாம்"னு போட்டுட்டு இதை மட்டும் சொல்லாம விட்டுர்றாங்க. அடுத்து, 2021 நவம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிப்படி படிப்பு குறைஞ்சது 54 மாசம் இருக்கணும், இங்கிலீஷ்ல நடத்தணும், அதுக்கு மேல 12 மாசம் இன்டர்ன்ஷிப்பும் அதே யுனிவர்சிட்டிலயே முடிக்கணும், அந்த நாட்டுக்காரங்க மாதிரியே அங்க பிராக்டிஸ் பண்ற தகுதியும் கிடைக்கணும், எல்லாம் 10 வருஷத்துக்குள்ள முடியணும். பிலிப்பைன்ஸ்ல பி.எஸ்னு ஒரு முன்படிப்பு வெச்சிருப்பாங்க, அந்த வருஷங்களை இங்க எம்.பி.பி.எஸ் கணக்குல சேர்க்க மாட்டாங்க, இது தெரியாம போய் மாட்டுன பிள்ளைங்க நிறைய பேர். இதெல்லாம் சரியா இருந்தாலும் திரும்பி வந்து, வெளிநாட்டுல படிச்சவங்களுக்குன்னு இங்க வெக்கிற எஃப்.எம்.ஜி.இ பரீட்சை எழுதி 300க்கு 150 எடுக்கணும், அதுக்கப்புறம் இங்கயும் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அந்தப் பரீட்சையில பாஸ் ஆகிறவங்க எழுதினவங்கள்ல பாதி கூட வர்றதில்ல. நாலாவது அஞ்சாவது தடவை எழுதிக்கிட்டு, டியூட்டி டாக்டருக்கு உதவியாளா நின்னுக்கிட்டிருக்கிற பசங்களை நான் பாத்திருக்கேன், கெட்டிக்காரப் பசங்க, படிச்ச இடத்துல பேஷன்ட்டைத் தொடவே விடல, அதான் பிரச்சினை.

போகவே கூடாதுன்னு சொல்ல வரல. அங்க படிச்சுட்டு வந்து நல்லா வேலை செய்றவங்க என் கூடவே இருக்காங்க. ஆனா அவங்க வீட்டுல யாரோ ஒருத்தர் உக்காந்து இந்த விதி எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பியிருக்காங்க.

இப்ப உள்ளூர் கதை. நீட்ல 180 கேள்வி, 720 மார்க், சரியா இருந்தா 4, தப்பா இருந்தா 1 போயிரும். அதுல பயாலஜி மட்டுமே 360. தமிழ்லயும் எழுதலாம், ஆனா அதை அப்ளிகேஷன் போடும்போதே தேர்ந்தெடுக்கணும், பக்கத்துலயே இங்கிலீஷ் கேள்வியும் இருக்கும், மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ்ல இருக்கிறதுதான் செல்லும், அதனால தமிழ் மீடியம் பசங்க ரெண்டையும் சேர்த்துப் படிச்சுப் பாத்துட்டு விடை போடுங்க.

நிறைய குடும்பம் சறுக்குறது பரீட்சைக்கு அப்புறம்தான். ரிசல்ட் வந்துட்டா காலேஜ்ல இருந்து கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்காங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க! அரசு காலேஜ்ல 85 சதவீத சீட் மாநிலத்துக்கு, அதுக்கு நம்ம மாநில மருத்துவத் தேர்வுக் குழுவுக்குத் தனியா அப்ளை பண்ணணும், மீதி 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, அதுக்கு எம்.சி.சின்னு சொல்ற மத்திய கவுன்சிலிங் குழுவுல தனியா பதியணும். தனியார் காலேஜோட மேனேஜ்மென்ட் கோட்டாவும் மாநிலக் கவுன்சிலிங்லதான், நிகர்நிலை யுனிவர்சிட்டின்னா எம்.சி.சி வழியாத்தான். கவுன்சிலிங்குக்கு வெளிய எம்.பி.பி.எஸ் சீட்டே கிடையாது. அதனால "எனக்கு உள்ள ஆள் இருக்கு"ன்னு ஒருத்தன் பணம் கேட்டா அவன் ஏமாத்துறான், அதுல சந்தேகமே வேண்டாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைங்களோட பெத்தவங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க. தமிழ்நாட்டுல 2020ல இருந்து உங்க பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் கிடைச்சா தனியார் காலேஜா இருந்தாக்கூட ஃபீஸை அரசாங்கமே கட்டுது. ஆனா 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும் (ஆர்.டி.இ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் பள்ளியில 8 வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கும் உண்டு). அரசு உதவி பெறும் பள்ளி இதுல வராது. பத்தாவதுல நல்ல மார்க் வந்ததும் "டாக்டருக்குப் படிக்கணும்ல"ன்னு சொல்லி கடன் வாங்கி பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில கொண்டுபோய் சேர்க்கிறாங்க பாருங்க, அன்னைக்கே அந்தச் சலுகை கைவிட்டுப் போயிருது. இதைச் சொல்லும்போது எத்தனையோ அம்மாக்கள் என் முன்னாடி அப்படியே உறைஞ்சு உக்காந்திருக்காங்க, எனக்கே வயித்தைப் பிசையும்.

சீட் கிடைச்ச பிறகு நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் சி.ஆர்.ஆர்.ஐ, அதாவது ஆஸ்பத்திரியிலயே தங்கிச் செய்ற கட்டாய இன்டர்ன்ஷிப். முதல் வருஷம் அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. உடலை அறுத்துப் படிக்கிற டிசெக்ஷன் ஹால்ல, உடல் கெடாம இருக்கப் போடுற ஃபார்மலின் நெடியில கண்ணு எரிஞ்சு தண்ணி கொட்டும், எத்தனை தடவை சோப்பு போட்டாலும் சாப்பிடும்போது கையில அந்த வாசம் வரும். உடலைத் தானம் குடுத்த ஒரு மனுஷர்தான் நமக்கு முதல் வாத்தியார்னு எங்க பேராசிரியர் சொல்லி, எல்லாரையும் ரெண்டு நிமிஷம் பேசாம நிக்க வெச்சுட்டுத்தான் கத்தியவே கையில குடுத்தாரு.

டாக்டரா நான் உருவானது சி.ஆர்.ஆர்.ஐல. ஒரு நைட் டியூட்டி, வயித்துப்போக்குல துவண்டு போன 6 மாசக் குழந்தை, கண்ணு குழி விழுந்து கிடக்கு, வெயின் கிடைக்கல. ரெண்டு கையிலயும் குத்திப் பாத்துட்டேன், எனக்குக் கை நடுங்குது. வார்டு சிஸ்டர் ஒண்ணும் சொல்லல, ஒரு கிளவுஸ்ல வெதுவெதுப்பான தண்ணியைப் புடிச்சு முடிச்சுப் போட்டு, முதல்ல தன் கன்னத்துல வெச்சு சூடு பாத்துட்டு, அப்புறம் குழந்தையோட பாதத்துல கொஞ்ச நேரம் வெச்சாங்க. பாதத்துல மெல்லிசா ஒரு நீல கோடு எழும்பி வந்துச்சு. "இப்ப போடுங்க டாக்டர்"னாங்க. போட்டேன், ஊசிக்குள்ள ரத்தம் ஏறிச்சு, ட்ரிப் ஓடுச்சு. பேஷன்ட் வந்துக்கிட்டே இருக்கிற ஆஸ்பத்திரி இருந்தாத்தான் இதெல்லாம் கத்துக்க முடியும், காலேஜ் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பாக்காதீங்க, வார்டுல கட்டில் நிறைஞ்சிருக்கான்னு பாருங்க.

முடிச்ச உடனே சம்பாதிக்கலாம்னு கணக்குப் போட்டு கடன் வாங்காதீங்க. எம்.டி, எம்.எஸ் மாதிரி மேல்படிப்புக்கு நீட் பி.ஜி எழுதி இன்னும் 3 வருஷம், அதுக்குள்ள பிள்ளைக்கு 27, 28 ஆயிரும்.

ஒரு வருஷம் சீட் கிடைக்கலேன்னா அதுக்காகப் பிள்ளையைக் கரிச்சுக் கொட்டாதீங்க. பி.எஸ்சி நர்சிங், இங்க கால்நடை மருத்துவத்துல மாநில ஒதுக்கீட்டு சீட், இதெல்லாம் பிளஸ் டூ மார்க்லயே கிடைக்குது. சாப்பிடாம, யார்கூடயும் பேசாம கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிற பிள்ளைன்னா சும்மா விடாதீங்க, பக்கத்துல போய் உக்காருங்க, 104க்கு போன் பண்ணா கவுன்சிலர் பேசுவாங்க, ராத்திரின்னாலும் பண்ணுங்க.

அந்த நோட்டீஸ்காரர் அட்வான்ஸ் கட்டல. பையன் திரும்ப நீட் எழுதுறேன்னு சொல்லியிருக்கானாம். போன வாரம் மாத்திரைக்கு வரும்போது பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு, பத்தாவது, அரசுப் பள்ளி. பிளஸ் ஒன்னுக்கு வேற ஸ்கூல் பாத்து வெச்சிருந்தாங்களாம், வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டுச்சு, "ரத்தத்தைப் பாத்தா பயமா இருக்கும் மேடம், பரவால்லயா?" பழகிரும்மா, வலியில துடிக்கிறவங்களைப் பாத்தா கிட்ட போகத் தோணுதா, விலகிப் போகத் தோணுதான்னு மட்டும் யோசிச்சுப் பாருன்னு சொன்னேன். பதில் சொல்லல. அப்பா மாத்திரை வாங்குற கியூவுல நிக்கும்போது, பெஞ்சுல மூச்சு வாங்கிக்கிட்டு இருந்த ஒரு பாட்டியோட பையைத் தான் வாங்கி வெச்சுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு.