குருத்து ஈ தாக்கிய தீவனச் சோளமும் மாடுகளுக்கு வரும் ஆபத்தும்

பருவம் தவறி விதைத்த தீவனச் சோளத்தில் சுற்றிலும் இலைகள் பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்பதைக் காங்கேயம், தாராபுரம் பக்கத்து உழவர்கள் நன்கு அறிவார்கள். அந்தக் குருத்தைப் பிடித்து இழுத்தால் எளிதில் கையோடு வந்துவிடும்; அதன் அடிப்பகுதி அழுகி நாற்றமடிக்கும். இது குருத்து ஈயின் சேதம். தீவனம் குறைந்துவிடுமே என்பதுதான் உழவர்களின் கவலையாக இருக்கிறது. கால்நடை மருத்துவனாகிய என் கவலை வேறு. குருத்தை இழந்த பயிர் அடியிலிருந்து விடும் புதிய பக்கத் தூர்களில்தான் மாட்டைக் கொல்லக்கூடிய சயனைடு மிகுதியாக உருவாகிறது.

குருத்து ஈ முளைத்த ஒரு வாரத்திலிருந்து சுமார் ஒரு மாதம் வரையுள்ள இளம்பயிரையே நாடி, இலையின் அடிப்புறத்தில் வெண்ணிற முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. ஓரிரு நாட்களில் வெளிவரும் புழு, குருத்திலைமேல் படிந்த ஈரத்தின் வழியே கீழிறங்கி வளர்முனையை அறுத்துவிட்டு, அங்கே அழுகும் திசுவைத் தின்று வளர்கிறது. வளர்முனை போன பிறகும் சோளம் சாவதில்லை. பக்கத் தூர்களை விட்டுப் பிழைத்துக்கொள்கிறது.

சோளப் பயிரில் துரின் என்ற சேர்மம் இருக்கிறது. இலையின் செல்களில் அது ஓரிடத்திலும் அதைச் சிதைக்கும் நொதி வேறோரிடத்திலும் பிரிந்திருப்பதால் பயிருக்குக் கேடில்லை. பூச்சியோ மாடோ இலையை மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. தன்னைத் தின்ன வருவனவற்றைத் தடுக்கப் பயிர் வைத்திருக்கும் தற்காப்பு இது. அசைபோடும் கால்நடைகளின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் துரினைச் சிதைக்கும் ஆற்றல் பெற்றவை. ஆகவே ஆடுமாடுகளுக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது. இளந்தளிரில் துரின் மிகுதி, முதிர முதிரக் குறையும். வறட்சியில் வாடிய பயிரிலும், யூரியா கூடுதலாக இட்ட பயிரிலும் மீண்டும் உயரும். கொங்குப் பகுதியின் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வளரும் கொழுக்கட்டைப் புல்லில் இத்தொல்லை இல்லை என்பதால், அதில் மேய்த்துப் பழகியவர்கள் சோளக்காட்டிலும் அதே நம்பிக்கையோடு மாட்டை அவிழ்த்து விடுவதைப் பார்க்கிறேன்.

விதைத்து ஐம்பது நாள் கடந்தால் பயமில்லை என்ற கணக்கு, ஈ தாக்காத காட்டுக்கு மட்டுமே பொருந்தும். தாக்கிய காட்டில் விதைத்து அறுபது நாள் ஆகியிருந்தாலும், மாடு முதலில் எட்டிக் கடிக்கும் பக்கத் தூருக்கு இருபது நாள்தான் ஆகியிருக்கலாம். தூர் துளிர்த்த நாளிலிருந்து எண்ணுவதே சரியான கணக்கு. பூக்கும் பருவம் வரை காத்திருப்பது அதைவிடப் பாதுகாப்பானது. அரைகுறையாக வாடிய சோளத்தட்டு, பச்சைத் தட்டைப் போலவே ஆபத்தானது. வெயிலில் நன்றாக உலர்த்தினால் சயனைடு பெருமளவு வெளியேறிவிடும். ஆனால் வறட்சியில் நின்ற சோளத்தில் சேரும் நைட்ரேட் என்ற மற்றொரு நஞ்சு, உலர்த்தினாலும் போகாது.

சயனைடு நஞ்சில், தின்ற சில நிமிடங்களிலேயே மாடு மூச்சிரைத்து, தள்ளாடி விழுந்து வலிப்புக் காணலாம். அப்போது இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். நைட்ரேட் நஞ்சிலோ இரத்தம் காப்பிக் கொட்டை நிறத்துக்கு மாறிவிடும். சயனைடுக்கு நாங்கள் சிரைவழி செலுத்தும் சோடியம் நைட்ரைட், நைட்ரேட் நஞ்சுண்ட மாட்டுக்குக் கேடாகவே முடியும். ஆகையால், எந்தக் காட்டில், எவ்வளவு நேரம் மேய்ந்தது, பயிர் வாடியிருந்ததா, யூரியா எப்போது இட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற மாடுகளை உடனே காட்டைவிட்டு ஓட்டுங்கள். விழுந்து கிடக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி அதனாலேயே இறந்துவிடக்கூடும்.

குருத்து ஈயைத் தாங்கும் தன்மை சோளத்துக்கே உண்டு. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு மையமான இக்ரிசாட் இதில் நெடுங்காலம் ஆய்வு செய்துள்ளது. இளம்பயிரின் இலை பளபளப்பாக இருந்தால் குருத்தில் ஈரம் குறைவாகப் படிகிறது, புழுவின் வழி கடினமாகிறது. இலையின் அடிப்புறத்து நுண்மயிர்கள் ஈயை முட்டையிடவிடாமல் தடுக்கின்றன. இவை இலைப்பரப்பின் பண்புகள். நஞ்சைச் சார்ந்தவை அல்ல. எனவே, மாட்டுக்குத் தீங்கு குறைந்ததாகவும் ஈயைத் தாங்குவதாகவும் ஓர் இரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. எனினும், முழுமையாகத் தப்பும் இரகம் சாகுபடியில் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.எஃப்.எஸ். 29 போன்ற, அறுத்தபின் மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புத் தீவனச் சோளத்தை விதைப்பவர்களும் முதல் அறுவடைக்குச் சுமார் 65 நாளும், அடுத்தடுத்த அறுவடைகளுக்குச் சுமார் 50 நாளும் பொறுப்பது அவசியம். மறுதாம்பில் வருவதும் இளந்துளிர்தான்.

பருவமழை தொடங்கியதும், அக்கம்பக்கத்துக் காடுகளோடு சேர்ந்தே விதைத்துவிட்டால் ஈயின் தாக்குதல் பெரிதும் குறையும். பிந்தி முளைக்கும் காட்டில்தான் ஈக்கள் வந்து குவிகின்றன. விதையைச் சற்றுக் கூடுதலாகப் போட்டு, குருத்துக் காய்ந்த செடிகளை முதல் மாதத்திலேயே வேரோடு பிடுங்கி அழித்தால் புழுவும் போகும், ஆபத்தான தூர்களும் வராது. பயிருக்கு முப்பது நாள் ஆகும் வரை ஹெக்டேருக்கு ஈக்களைக் கவர்ந்து பிடிக்கும் 12 கருவாட்டுப் பொறிகள் வைக்கலாம். மருந்து தெளிக்கத்தான் வேண்டும் என்றால், பெட்டியில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் முடியும் வரை அந்தத் தட்டை மாட்டுக்குப் போடாதீர்கள். கறவை மாடாக இருந்தால் மருந்தின் எச்சம் பாலிலும் சேரக்கூடும்.