டிரான்சிஷன்: மாற்றச் சொல்லா, இணைப்புச் சொல்லா?

காட்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் ஒரு பெண் போன வாரம் கேட்டாள்: "சார், டிரான்சிஷன் வேர்ட்ஸுக்குத் தமிழில் என்ன? போனில் தேடினால் மாற்றச் சொற்கள்னு வருது." ஒரு கருத்தை அடுத்ததோடு சேர்க்கும் 'அதனால்', 'மேலும்' போன்ற சொற்களைத்தான் கேட்டாள்.

டிரான்சிஷன் லத்தீனிலிருந்து வந்த சொல். 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே, அந்தப் பக்கமாக. 'ஈரே' என்றால் போதல். ஆக, கடந்து போவது என்பதே அடிப்படைப் பொருள். ஒரு நிலை இன்னொரு நிலையாக மாறுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான் என்பதால் 'மாற்றம்' வந்து ஒட்டிக்கொண்டது. கட்டுரையில் எதுவும் மாறுவதில்லை. படிப்பவரை ஒரு கருத்திலிருந்து அடுத்த கருத்துக்குக் கூட்டிப் போகிறோம், அவ்வளவுதான். பள்ளியில் வழங்கும் 'இணைப்புச் சொல்' என்பதே சரியான பெயர். மரபிலக்கணத்தில் இவற்றுக்குப் பக்கத்தில் நிற்பது இடைச்சொல். தொல்காப்பியத்தில் அதற்கு இடையியல் என்று ஓர் இயலே உண்டு.

நம் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சிதான். 'அப்புறம்' என்பது அ + புறம், அதாவது அந்தப் பக்கம். பாலாற்றுப் பாலத்தில் காட்பாடியிலிருந்து வேலூருக்குப் போகிறவர் சேருகிற கரை அப்புறம்தானே! லத்தீன் சொல் சொல்லும் அதே பயணம், நாம் தினமும் பேசும் சொல்லிலேயே இருக்கிறது. 'ஏனெனில்' என்பது ஏன் + எனில். படிப்பவர் "ஏன்?" என்று கேட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

அந்தப் பெண்ணின் கட்டுரை 1806 வேலூர்ப் புரட்சி பற்றியது. "திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் காவலில் இருந்தார்கள். அதனால் ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள்" என்று எழுதியிருந்தாள். இந்த 'அதனால்' ஒரு பெரிய வாதம். அதை எழுதினால் நிரூபிக்க வேண்டும். புதிய தலைப்பாகை, தாடியையும் நெற்றிக்குறியையும் தடுத்த ஆணை ஆகியவைதான் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன என்று அவளே முந்தைய பத்தியில் சொல்லியிருந்தாள். அப்படியானால் 'அதனால்' அந்த ஆணைக்கு உரியது. திப்புவின் பிள்ளைகளைச் சொல்லும் இடத்தில் 'அதோடு' போதும். இணைப்புச் சொல்லை வாக்கியத்துக்கு அழகு சேர்ப்பதாக நினைத்துப் போடக் கூடாது. அதுவும் ஒரு கருத்தைச் சொல்கிறது, அது உண்மையாக இருக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு வசதி, தனிச் சொல்லே வேண்டாத இடங்கள் நிறைய. 'ஆணை வந்ததால்', 'ஆணை வந்தும்', 'ஆணை வந்தபின்' என்று வினையின் ஈறே இணைப்பைத் தாங்கிவிடும். ஆங்கிலத்தைப் பார்த்து ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மேலும்', 'எனவே' என்று தொடங்கினால் நடை திக்கும்.

பத்திக்கும் பத்திக்கும் நடுவே எனக்குப் பிடித்த வழி அந்தாதி. முடிந்த சொல்லிலேயே அடுத்ததைத் தொடங்குவது. செய்யுளில் நம்மவர்கள் காலங்காலமாகச் செய்துவருவதுதான். அவளுடைய ஒரு பத்தி, "ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார்" என்று முடிந்தது. அடுத்தது "மேலும், புரட்சி ஒடுக்கப்பட்டது" என்று தொடங்கியது. 'மேலும்' என்பதை அடித்துவிட்டு அவளே எழுதினாள்: "வந்த படை அன்றைக்கே கோட்டையைப் பிடித்தது."