பக்கத்து அறைக்கு ஒரு வீடியோ

போன மழைக்காலத்தில் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் அக்கா மகள், தன் வகுப்பின் 4 ஜிபி வீடியோ ஒன்றை முன்னறையில் இருந்த அண்ணனின் லேப்டாப்புக்கு அனுப்பப் போராடிக்கொண்டிருந்தாள். முதலில் இணையத்தில் ஏற்ற வேண்டும், பிறகு அங்கிருந்து இறக்க வேண்டும். பாதியிலேயே நின்றுவிட்டது. "மாமா, டேட்டா முடிஞ்சிருச்சு. இனி எப்புடி அனுப்புறது?"

இரண்டு லேப்டாப்புக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். ஏற்றும் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட் (எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) என்று வைத்துக்கொண்டால், 4 ஜிபி ஏறுவதற்கே ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற 4, இறங்க 4 என்று 8 ஜிபி டேட்டாவும் போய்விடும். காசு கொடுத்து டேட்டா போடும் வீட்டில் இது வீண்செலவு.

ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, வீட்டை வெளியுலகத்தோடு இணைப்பது. இன்னொன்று, வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பது. டேட்டா முடிந்தால் நிற்பது முதல் வேலை மட்டும்தான். இரண்டாவதற்கு டேட்டாவும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். கரண்ட் இருந்தால் போதும்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெளியூரிலிருந்து வரும் கடிதத்துக்குத் தோட்டத்தின் பெயரும் தபாற்கந்தோரின் பெயரும்தான் வழிகாட்டி. 'மேற்கணக்கு, 4ஆம் லயம், 3ஆம் காம்பரா' (தோட்டத்தின் மேல் பிரிவு, 4ஆம் வரிசை வீடு, 3ஆம் அறை) என்றால் தோட்டத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். வெளியே அது செல்லாது, ஏனென்றால் அடுத்த தோட்டத்திலும் ஒரு மேற்கணக்கு, ஒரு 4ஆம் லயம் இருக்கும். வீட்டுக் கணினிகளின் 192.168 என்று தொடங்கும் எண்களும் அப்படித்தான். உள்வீட்டுப் பாவனைக்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. 1996இல் வந்த இணைய விதிமுறை அதை உறுதிசெய்தது. உங்கள் வீட்டு 192.168.1.5 உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் இருக்கும். (லயத்துக்கென்று தனி விலாசம் இல்லாததால் கைக்கு வந்து சேராமலே போன வேலைக் கடிதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. கணினிக்குக் கிடைத்த விலாசம் மனிதருக்கும் கிடைக்க வேண்டும்.)

வீடியோவைப் பெற வேண்டிய லேப்டாப், இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நின்று குரல் கொடுப்பதுபோல வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் கேட்கிறது: "192.168.1.5 யாரு?" அந்த எண்ணுக்குரிய கணினி மட்டும், வலையமைப்பு அட்டையில் பதிந்திருக்கும் தன் 48 பிட் எண்ணைச் சொல்லிப் பதில் தருகிறது. அதன்பிறகு கத்தல் இல்லை. இருவருக்கும் நடுவில் நேரடிப் பேச்சு. கோப்பு ஏறக்குறைய 1500 பைட் கொண்ட சிறு பொதிகளாகப் பிரிந்து வருகிறது. நடுவில் ஒன்று தொலைந்தால் அது மட்டும் மறுபடி அனுப்பப்படும்.

விண்டோஸ் கணினிகள் இந்தப் பேச்சுக்குப் பயன்படுத்தும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. 1992இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிஜெல் இதே மொழியை, யுனிக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் ஓடும் கணினிகளுக்கும் ஒரு மென்பொருள் மூலம் கற்றுக்கொடுத்தார். அந்த மென்பொருளுக்குப் பெயர் தேடியபோது எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி 'சாம்பா'வைப் பிடித்தார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கோப்புறையைப் பகிர்வுக்குத் திறந்து, 'வாசிக்க மட்டும்' என்று அனுமதி கொடுத்து, மற்றக் கணினியில் இரண்டு பின்சாய்கோடுகளுக்கு (\\) பிறகு, கோப்புறை இருக்கும் கணினியின் 192.168 எண்ணை அடித்தால் கோப்புறை தெரியும். தெரியவில்லையென்றால் அந்த வலையமைப்பு 'பொது' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டில் அதைத் 'தனியார்' என்று மாற்ற வேண்டும். பகிர்வுக்கான கடவுச்சொல்லை நீக்கிவிடாதீர்கள். எஸ்எம்பியின் பழைய முதலாம் பதிப்பையும் திறந்துவைக்காதீர்கள். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது.

வேகம் குறைந்தால் எங்கள் ஊரில் பலர் பனிமூட்டத்தைக் குறை சொல்வார்கள். வீட்டுக்குள் உள்ள தூரத்துக்குப் பனி ஒன்றும் செய்யாது. பழைய வீடுகளின் தடித்த கருங்கல் சுவர்தான் அலையை விழுங்குகிறது. அதோடு இரண்டு கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பொதியும் ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து மறுமுறை என்று ஒரே காற்றில் இருமுறை போக வேண்டும். வேகம் பாதியாகிவிடும். இரண்டையும் கேபிளில் மாட்டினால் 100 மெகாபிட் போர்ட்டிலேயே 4 ஜிபி ஆறு நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வீடு வெளியே கேபிள் இழுக்காதீர்கள். ஏப்ரல் மாத இடிமின்னலில் ரவுட்டரோடு கணினியும் கருகிவிடலாம்.

அன்றைக்கு அந்த முதல் வீடியோ இப்படித்தான் வந்து சேர்ந்தது. இரண்டாவது பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது, ரவுட்டர் அணைந்தது. லேப்டாப்புகளில் பேட்டரி இருந்தது. கேபிளை ரவுட்டரிலிருந்து கழற்றி இரண்டுக்கும் நேரடியாக மாட்டினேன். எண் கொடுக்க ரவுட்டர் இல்லாததால் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, இரண்டும் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தாங்களே எடுத்துக்கொண்டன. வேறு யாரும் அதை வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கும். அக்கா மெழுகுவர்த்தி கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, மகள் புதிய எண்ணை அடித்து, பாதியில் நின்ற இரண்டாவது வீடியோவை இழுத்துக்கொண்டிருந்தாள்.