ஹெர்பெட்டோஃபானா: பாம்புக்கும் தவளைக்கும் ஒரே சொல்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் பற்றிய ஆய்வறிக்கைகளில் ‘ஹெர்பெட்டோஃபானா சர்வே’ என்ற தொடர் அடிக்கடி வரும். பாம்பு, பல்லி, ஓணான், ஆமை, தவளை, தேரை எல்லாவற்றையும் ஒன்றாய்க் கட்டிய சொல் அது.

கிரேக்கத்தில் ‘ஹெர்பெட்டான்’ என்றால் ஊர்ந்து செல்வது. கிரேக்கத்துக்கும் வடமொழிக்கும் பொதுவான மூலமொழியில் சகரத்தில் தொடங்கிய சொற்கள் பல கிரேக்கத்தில் ஹகரமாயின. வடமொழியில் சகரம் அப்படியே நின்றது. ஆகவே, நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சர்ப்பமும் இந்த ஹெர்பெட்டானும் ஒரே வேரில் பிறந்தவை! ‘ஃபானா’ ரோமானியப் பெண் தெய்வத்தின் பெயர். உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1746இல் தம் நாட்டின் விலங்குகளைப் பற்றிய நூலுக்கு அதைச் சூட்டினார். 1758இல் பாம்பையும் தவளையையும் ஒரே வகுப்பில் வைத்தவரும் அவர்தான். வகுப்புகள் பின்னர் பிரிந்தன, கூட்டுப்பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் ‘ஊர்வன கணக்கெடுப்பு’ என்று சுருக்கினால் தவளை விடுபட்டுப்போகும். தவளை ஊராது, தாவும். இலக்கணச் சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் முறைகளில் ஒன்றுக்கு நன்னூல் ‘தவளைப் பாய்த்து’ என்றே பெயர் வைத்திருக்கிறது. தவளைக்குப் பாடநூல் தரும் சொல் ‘இருவாழ்வி’, இலங்கையில் ‘ஈரூடகவாழி’. நீரில் தலைப்பிரட்டை, நிலத்தில் தவளை என்பது பொருள். இம்மலைகளின் புதர்த்தவளைகள் பலவற்றுக்கு இதுகூட முழுதாகப் பொருந்தாது. ஈர இலையிலோ மண்ணிலோ இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகத்தான் அவை வெளியே வரும். ஆனாலும் பழகிய, அழகான சொல், விடத் தேவையில்லை.

‘கணக்கெடுப்பு’ என்றதும் வெறும் தலை எண்ணுவது என்று நினைத்துவிடக் கூடாது. மழை விட்ட இரவில் நெற்றிவிளக்கோடு ஓடையோரம் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். சருகை விலக்கிப் பார்க்க வேண்டும், குரலைக் கேட்டு இனம் பிரிக்க வேண்டும். கண்ட நேரம், ஈரப்பதம், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் அமர்ந்திருந்தது என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். ஊர்வன ஆய்வாளர் பூபதி 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போதுதான் விபத்தில் உயிரிழந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்டறிந்த, மண்ணுக்குள் வாழும் தவளைக்கு 2017இல் அவர் பெயரைச் சேர்த்து ‘நாசிகாபட்ராகஸ் பூபதி’ என்று பெயரிட்டார்கள். நாசிகா வடமொழியில் மூக்கு, பட்ராகோஸ் கிரேக்கத்தில் தவளை.

நான் ‘ஊர்வன, இருவாழ்விகள் கணக்கெடுப்பு’ என்றே எழுதுகிறேன். நீளம்தான். ஆனால் மரம் வெட்டி நிழல் போன இடத்தில், ஈரத்தோலாலும் மூச்சு விடும் தவளை ஒடுங்கிவிடும். செதில் போர்த்த ஓணான் அதே வெயிலில் பாறைமேல் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டையும் தனித்தனியே எண்ணினால்தான் அந்தக் காட்டுக்கு என்ன ஆயிற்று என்பது தெரியும்.