ஸ்பார்க் பிளக்: மாட்டுவது எளிது, கழற்றுவதுதான் வேலை

நம்மூர் சாலையில் ஓடும் பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல். டீசல் இன்ஜினில், எரிபொருளை மின்பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை நெருக்கும்போது எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் அப்படியில்லை. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500 என்று அங்கே வீட்டு வாசலில் நிற்பவை பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். பெரும்பாலும் ஆறு சிலிண்டர் அல்லது எட்டு சிலிண்டர். ராமின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் மொத்தம் 16 பிளக்குகள். ஒர்க்ஷாப் கூலியை நினைத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் தாங்களே பானெட்டைத் திறப்பவர்கள் அங்கே நிறையப் பேர்.

புதுப் பிளக்கை மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பழையதைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பதில்தான் சூட்சுமம். இன்ஜின் ஆறட்டும், மரையில் எதையும் தடவாதே, கைக்கணக்கில் இறுக்காதே என்று அனுபவஸ்தர்கள் அடுக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் ஓர் உலோகக் கணக்கோ மின்சாரக் கணக்கோ இருக்கிறது. அது புரிந்தவருக்குக் கை தானாகவே நிதானப்படும்.

முதலில் மின்சாரம். வண்டியின் பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கின் முனையில் பொறி தாண்ட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது, பெரும்பாலும் பிளக்கின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயில். அதில் இரண்டு சுற்று செப்புக்கம்பிகள்: ஒன்றில் சில நூறு சுற்றுகள், இன்னொன்றில் அதைப் போல நூறு மடங்கு அளவில். முதல் சுற்றில் சில மில்லிசெகண்டுகள் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் ஒன்றை எழுப்புகிறது. சரியான கணத்தில் இன்ஜின் கணினி அதைத் துண்டித்துவிடும். காந்தப்புலம் சரியும் வேகத்தில் இரண்டாவது சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பும். ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான், புதிதாக ஒன்றுமில்லை. 1860ல் பொறியாளர் லெனுவார் தன் இன்ஜினில் வாயுவை மின்பொறியால்தான் பற்றவைத்தார். 1902ல் போஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனோல்ட் பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் உயர் அழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். பிளக்கின் அடிப்படை வடிவம் அன்றிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை.

பொறி தாண்ட எத்தனை வோல்ட் தேவை? இதற்கான விதியை 1889ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃப்ரீட்ரிஷ் பாஷன் சொன்னார். இடைவெளி எவ்வளவு என்பது மட்டும் கணக்கில்லை. அந்த இடைவெளியில் வாயு எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது என்பதும் சேர்த்தி. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்தியிருக்கும் நேரத்தில் அது போதவே போதாது. மின்முனையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் வழியில் ஒரு மூலக்கூறை மோதி உடைக்க வேண்டும். உடைந்ததிலிருந்து இன்னொரு எலக்ட்ரான், பிறகு நான்கு, எட்டு என்று பெருகினால்தான் பொறி. மோதி உடைக்கும் அளவுக்கு வேகம் எடுக்க அதற்கு ஓட இடம் வேண்டும். வாயு நெருக்கமாக இருந்தால் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஓட நினைப்பவனைப் போல, வேகம் பிடிக்கும் முன்பே யார் மேலாவது இடித்துக்கொண்டு நிற்கும். இதைத் தாண்டித் தள்ள வோல்ட்டைக் கூட்டுவது ஒன்றே வழி.

எஃப்-150ன் இரண்டு இன்ஜின்களை ஒப்பிட்டால் இது கண்ணெதிரே தெரியும். டர்போ இல்லாத 5 லிட்டர் வி8ல் பிளக் இடைவெளி ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். டர்போ வைத்த 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் வி6ல் சுமார் 0.75 மில்லிமீட்டர்தான். டர்போ காற்றைத் திணிப்பதால் வாயு நெருக்கம் கூடுகிறது. அதற்கு ஈடாக இடைவெளியைக் குறைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கொஞ்சம் உலோகத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். எவ்வளவு பொறி என்று கணக்குப் போடுவோம். மணிக்குச் சராசரியாக 60 கிலோமீட்டர், 2,000 ஆர்.பி.எம் என்று வைத்துக்கொண்டால், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பிளக் 1,000 தடவை பொறி விடும். இந்த வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் ஒரு லட்சம் மைல், அதாவது 1,60,000 கிலோமீட்டர். மொத்தம் 16 கோடிப் பொறிகள். அதனால்தான் முனையில் இரிடியம் வைக்கிறார்கள். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் 2,446 டிகிரி வரை தாங்கும். அரை மில்லிமீட்டர் பருமனுக்கு மெல்லியதாக்கினாலும் தேயாமல் நிற்கும். முனை மெல்லியதாக இருந்தால் மின்புலம் அங்கே குவியும், குறைந்த வோல்ட்டிலேயே பொறி கிளம்பும். அப்போதுதான் பிறந்த தீயின் சூட்டை உறிஞ்சவும் அங்கே அதிக உலோகம் இருக்காது.

இரிடியமும் கடைசியில் தேயத்தான் செய்யும். இடைவெளி அகலும், காயில் கூடுதல் வோல்ட் தள்ள வேண்டிவரும். ஒரு கட்டத்தில் மின்சாரம் முனையைத் தாண்டுவதைவிடச் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிடும்: காயிலின் ரப்பர் உறையைத் துளைத்துக்கொண்டு பக்கத்து உலோகத்துக்குப் பாய்வது. சும்மா நிற்கும்போது வண்டி சீராக இருந்துவிட்டு, டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடேறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிப்பது, அதாவது ஒரு சிலிண்டர் பற்றாமல் போவது, இதனால்தான். மேடேறும்போது சிலிண்டரில் காற்று அதிகம், நெருக்கம் அதிகம். பாஷன் கேட்கும் வோல்ட் எகிறிவிடுகிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பற்றும். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அந்த ஆபத்து நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பிளக்கைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகம் அது. விளக்கு அப்படி மின்னும்போது வண்டியை ஓட்டக் கூடாது.

நம்மூர் ஆட்கள் பலருக்கு ஒரு பழக்கம் கையிலேயே இருக்கும்: டூ ஸ்ட்ரோக் பைக்கின் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளியைக் கண்ணால் பார்த்துத் தட்டிச் சரிசெய்வது. நிக்கல் முனைக்கு அது ஒத்துவந்தது. இரிடியத்தில் அந்தக் கைவேலையைக் காட்டினால் மெல்லிய முனை ஒடிந்துவிடும். இடைவெளியைக் கம்பி அளவுகோலை மெல்ல நுழைத்துப் பார்க்க வேண்டும். வளைப்பதானால் வெளி முனையை மட்டும் வளைக்க வேண்டும். நடு முனையில் எதுவும் படக் கூடாது.

இனி உலோகம். பிளக்கின் மரை எஃகு, அது இறங்கியிருக்கும் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், அலுமினியம். ஆண்டுக்கணக்காகச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அப்படியானால் இன்ஜின் சூடாக இருக்கும்போது துளை பெரிதாகிப் பிளக் சுலபமாக வரவேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சூட்டில் அலுமினியம் இளகிப் பலமும் குறைகிறது. எஃகு மரையில் ஒட்டிய கரித்துணுக்கு ஒன்று போதும், இளகிய அலுமினிய மரையை உழுதுகொண்டே வெளியே வரும். பிளக் விலை சில டாலர். ஹெட்டில் மரை போனால் அந்தக் கணக்கே வேறு. இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் தொடங்குவது உத்தமம்.

இந்த வேலையில் பலரைக் கதிகலங்க வைத்த இன்ஜின் ஒன்று உண்டு. 2004 மாடல் எஃப்-150ல் வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு வைத்த டிரைட்டன் வி8. இதன் பிளக் மரைக்குக் கீழே ஒரு நீண்ட குழல் போன்ற பகுதியோடு எரியறைக்குள் இறங்கியிருக்கும். அந்தக் குழல் பிளக்கின் உடம்போடு ஒரே துண்டாக இல்லாமல், தனியாகச் செய்து சேர்க்கப்பட்டது. குழலுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சந்தில் கரி அடைந்து கெட்டியாகிவிடும். மேலேயிருந்து திருகினால் மேல் பாதி சுழலும், கீழ்ப் பாதி கரியின் பிடியில் அசையாது. முடிவில் மேல் பாதி மட்டும் கையோடு வரும்; குழலும், சில சமயம் உடைந்த பீங்கானும் உள்ளேயே தங்கிவிடும். அதை எடுப்பதற்கென்றே லைல் என்ற கருவி நிறுவனம் தனிக்கருவி ஒன்றைச் செய்து விற்றது.

2008ல் ஃபோர்டு தன் ஒர்க்ஷாப்புகளுக்கு அனுப்பிய செய்முறையைப் படித்தால், இது பலத்தால் ஆகிற வேலையில்லை, பொறுமையால் ஆகிற வேலை என்பது விளங்கும். இன்ஜின் அறை வெப்பநிலைக்கு ஆறியிருக்க வேண்டும். பிளக்கை எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்த வேண்டும், அதற்கு மேல் கூடாது. கார்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தைப் பிளக் இறங்கியிருக்கும் குழிக்குள் விட்டுக் குறைந்தது 15 நிமிடம் ஊறவிட வேண்டும். தளர்ந்த மரை வழியாகத் திரவம் இறங்கிக் கரியை நனைக்கும். பிறகு முன்னும் பின்னுமாக அரைச் சுற்று திருகித் திருகி வெளியே கொண்டுவர வேண்டும். பின்னோக்கி இறுக்குவது வீண் வேலையில்லை: உரசி உதிர்ந்த கரியை அது நொறுக்கி, திரவத்தை இன்னும் கீழே இழுத்துவிடுகிறது. கிறீச்சிட்டால் நிறுத்தி மறுபடி ஊறவைப்பது நல்லது. பின்னாளில் நிறுவனம் ஹெட்டின் வடிவத்தையே மாற்றி, 12 மில்லிமீட்டர் மரை கொண்ட சாதாரணப் பிளக்குக்கு வந்துவிட்டது. அந்த முடிவை முதலிலேயே எடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அதே செய்முறையில் இன்னொரு நுணுக்கம்: ஒட்டாமல் இருக்கத் தடவும் நிக்கல் பசையை, புதுப் பிளக்கின் அந்தக் குழல் பகுதியில் பூசச் சொல்கிறார்கள். மரையில் பூசுவதற்கு அல்ல. மற்ற இன்ஜின்களில் மரையில் தாராளமாகப் பூசுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. பிளக் தயாரிப்பாளரான என்ஜிகேயே வேண்டாம் என்கிறது. காரணம் இதுதான். டார்க் ரெஞ்ச் அளப்பது நாம் திருகும் விசையை. பிளக் எவ்வளவு இறுகியது என்பதை அல்ல. திருகும் விசையில் பெரும்பங்கு உராய்வுக்கே போய்விடும், இறுக்கமாக மாறுவது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. பசை போட்டால் உராய்வு குறையும். ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே இறுக்கம் வெகுவாகக் கூடிவிடும். மரை இழுபடும், பிளக்கின் உடம்பு நீளும்.

தளர்வாக விட்டாலும் ஆபத்துதான். பிளக்கின் சூடு பெரும்பாலும் மரை வழியாகவும், அது ஹெட்டில் அமரும் இருக்கை வழியாகவும்தான் ஹெட்டுக்குக் கடந்து போகிறது. அந்தத் தொடுகை சரியில்லையென்றால் முனை சூடேறிக்கொண்டே போய், பொறி வரும் முன்பே கலவையைத் தானே பற்றவைத்துவிடும். முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன்மேல் படியும் கரியை எரித்துக்கொள்ள முடியும். 900 டிகிரியை நெருங்கினால் வினை. இந்த வரம்புக்குள் நிறுத்துவதற்குத்தான் ஹீட் ரேஞ்ச் எண். என்ஜிகேயில் எண் கூடினால் சூட்டை வேகமாகக் கடத்திவிடும் குளிர்ந்த பிளக், போஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடான பிளக். இரண்டு கம்பெனி எண்களை ஒப்பிட்டு வாங்கினால் தலைகீழாகத்தான் முடியும்.

வேலையை வரிசையாகச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும். கனெக்டரைக் கழற்று, போல்ட்டை எடு, காயிலைச் சற்றுத் திருப்பி மேலே இழு. பிளக்கைத் தொடும் முன் குழிக்குள் கம்ப்ரஸர் காற்றை ஊது. அங்கே கிடக்கும் மணல் துகள் எதுவும் சிலிண்டருக்குள் விழக் கூடாது. குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் பிளக் மேல் பழியில்லை, மேலே வால்வ் கவர் சீல் கசிகிறது. புதுப் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அதைக் கையால் சுழற்றி இறக்கு. மரை சரியாகப் பிடித்தால் இலகுவாக இறங்கும்; கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கி நின்றுவிடும், மரை பிழைக்கும். வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் பிளக்கானால் கையிறுக்கத்துக்குப் பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று. கூம்பு இருக்கையானால் பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு. மற்றபடி மேனுவலில் உள்ள எண்ணே வேதம். அந்த 5.4 லிட்டருக்கு 34 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் பிளக்குகளுக்குப் பொதுவாக அதில் பாதி.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் எண் போட்டு வரிசையாக வைக்க வேண்டும். ஃபோர்டில் ஓட்டுநருக்கு அடுத்த இருக்கைப் பக்கம் முன்னாலிருந்து 1, 2, 3 என்று எண் தொடங்கும்; செவர்லே, ராம் வி8களில் ஓட்டுநர் பக்கம் முழுக்க ஒற்றைப்படை. இளம்பழுப்பு முனை நல்ல அறிகுறி. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வ் சீலையோ பார்க்க வேண்டும், வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. வெள்ளைப் பீங்கான் எஃகு உடம்போடு சேரும் இடத்தில் துருநிறக் கறை ஒன்று பல பிளக்குகளில் தெரியும். வாயு கசிந்துவிட்டது என்று பயப்படுவார்கள். கசிவில்லை; உயர் மின்புலத்தைச் சுற்றிக் காற்று மின்னேற்றமடைந்து, மிதக்கும் எண்ணெய்த் துளிகளை அங்கே ஒட்டவைத்த தடம் அது.

எல்லாம் மாட்டிய பிறகும் மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று இன்ஜின் கணினியிலிருந்து பி0303 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தால், உடனே காயில் வாங்க ஓடவேண்டாம். மூன்றாவது காயிலை ஐந்தாவதில் போட்டு, ஐந்தாவதை இங்கே போட்டு ஓட்டிப் பார்க்கலாம். கோடு பி0305 என்று மாறினால் காயில் போய்விட்டது. பி0303 ஆகவே நின்றால் காயில் நல்லது. புதுப் பிளக்கில் விரிசல் உண்டா என்று பார்த்துவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் (கம்ப்ரஷன்) சோதிக்க வேண்டும்.