நனைந்த பாறை ஏன் கறுக்கிறது?

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கேமராவை வெளியே எடுத்தபோது மணி ஒன்பது. கன்னியாகுமரியில் விடியலைப் பார்த்துவிட்டுக் கிளம்பி, கோவளம், மணக்குடி, பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை வழியாக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.

அலை ஏறி இறங்கிய பாறை கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு கை தள்ளி, அலை எட்டாத அதே பாறை வெளிறிய சாம்பல். என் சாம்பல் நிற டீ-ஷர்ட்டின் முதுகும் வேர்வையில் கறுத்துத்தான் இருந்தது. இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றே.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது கொஞ்சம் திரும்பித் தெறிக்கும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளி ஒரு பொருளுக்குள் எவ்வளவு மெதுவாகிறது என்பதைக் காட்டும் எண்) எவ்வளவு விலகி இருக்கிறதோ, தெறிப்பும் அவ்வளவு அதிகம். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, பாறையில் இருக்கும் குவார்ட்ஸுக்குச் சுமார் 1.54. காற்றிலிருந்து நேராகக் குவார்ட்ஸில் விழும் ஒளியில் 4.5 சதவீதம் திரும்பிவிடும். நடுவில் தண்ணீர் வந்தால், கல்லைத் தொடும் இடத்தில் திரும்புவது அரை சதவீதம்தான். காய்ந்த பாறையின் சொரசொரப்பில் ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு திசையில் ஒளியைச் சிதறடிக்க, கல்லின் சொந்த நிறத்தின் மேல் வெள்ளையாக ஒரு திரை படிந்துவிடுகிறது. அலை வந்து குழிகளை நிரப்பியதும் அந்தத் திரை விலகுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. கல்லிலிருந்து சிதறி வெளியே கிளம்பும் ஒளி அந்த நீர்ப்படலத்தைத் தாண்டியாக வேண்டும். செங்குத்திலிருந்து 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து வருவதெல்லாம் முழுதாகத் திருப்பி அனுப்பப்படும். இப்படி ஏறக்குறைய பாதி ஒளி மறுபடி கல்லுக்கே போகிறது. கல் இன்னொரு வாய் விழுங்குகிறது. ஸ்வீடன் வானிலையாளர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் 1925-லேயே ஈரமண் கறுப்பதை இப்படித்தான் விளக்கினார்.

டீ-ஷர்ட்டில் கதை சற்றே வேறு. இழைகளுக்கு நடுவே காற்றுக்குப் பதில் வேர்வை நிற்பதால் ஒளி ஒவ்வோர் இழையிலும் குறைவாகவே திரும்பி, இன்னும் ஆழமாக உள்ளே போய்ச் சாயத்தில் மாட்டிக்கொள்கிறது. வெள்ளைச் சட்டை நனைந்தால் உள்ளே போட்டிருக்கும் பனியன் தெரிவதும் இதனால்தான்.

சரி, படத்துக்கு வருவோம். பாறை கறுத்தாலும் நீர்ப்படலம் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும். முதல் நாலு படத்திலும் பாறைக்குப் பதில் வெள்ளைத் திட்டுகள்தான் விழுந்தன. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரான போலரைசரை லென்ஸில் மாட்டித் திருகினேன். பளபளப்பு மறைந்து, கல்லுக்குள் ஓடும் பழுப்பு வரிகள் மேலே வந்தன. தண்ணீரில் செங்குத்திலிருந்து 53 டிகிரி சாய்வில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வு முழுக்கக் கிடைவாட்டில் இருக்கும் (இது 1815-இல் டேவிட் ப்ரூஸ்டர் கண்டறிந்த விதி). போலரைசர் அதைத் தடுத்துவிடும். நடைமுறைக் கணக்கு சுலபம்: கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், இரண்டு மீட்டர் முன்னால் இருக்கும் சமதளப் பாறையில் பலன் உச்சம். காலடியிலோ தொலைவிலோ அவ்வளவு வேலை செய்யாது. ஃபில்டர் இல்லாதவர்கள் போலரைஸ்டு குளிர்கண்ணாடியை மொபைல் லென்ஸ் முன்னால் பிடித்துத் திருப்பினாலே போதும். கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிய என் பழைய கண்ணாடி போலரைஸ்டே இல்லை என்று எனக்கு இப்படித்தான் தெரியவந்தது.

திரும்பும் வழியில் சங்குத்துறையில் சைக்கிளை ஈரமணலில் தள்ளிக்கொண்டு நடந்தேன். கால் வைத்த இடத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்தது. தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிட்டேனோ என்று தோன்றும், உண்மை நேர்மாறு. நெருங்கி அடுக்கியிருந்த மணிகள் மிதிபட்டதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலகுகின்றன, இடைவெளி கூடுகிறது, மேலே நின்ற நீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. 1885-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் விளக்கிய விஷயம் இது. மேற்பரப்பு மணி காற்றைத் தொட்டதும் பழைய வெள்ளைத் திரை திரும்பிவிடும். காலை எடுத்தால் சில நொடிகளில் தடத்தில் தண்ணீர் ஊறி, மணல் மறுபடி கறுக்கும். டயர் தடத்தில் இதைப் படம் பிடிக்கப் பார்த்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் கறுத்துவிட்டது.